காலையில் நடக்கும் பிள்ளை மாலையில் ஏன் விழுகிறது?

காலையில் அந்தப் பிள்ளை மற்ற பிள்ளைகளோடு பள்ளிக்கூடத்துக்கு நடந்தே போகிறது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு கால் லேசாக உள்பக்கம் திரும்புகிறது. பள்ளிக்கூடம் விட்டு வரும்போது குதிகால் தரையில் படாமல் நுனிக்காலில் தத்தித் தத்தி நடக்கிறது. பொழுது சாய்வதற்குள் இரண்டு முறை விழுந்துவிடுகிறது. விளக்கு வைக்கும் நேரத்தில் யாராவது தூக்கிக்கொண்டு வர வேண்டும். இரவு தூங்கி எழுந்தால் மறுநாள் காலையில் பழையபடி நடக்கிறது.

இப்படி ஒரு பிள்ளை நம் தெருவில் இருந்தால் நாம் என்ன சொல்வோம்? 'வேலை சொன்னா நடிக்குது' என்போம். பள்ளிக்கூடத்தில் 'சோம்பேறி' என்பார்கள். அதோடு 'காலனிப் பிள்ளைங்க அப்படித்தான்' என்று ஒரு வார்த்தையும் சேர்ந்து வரும். பெரியவர்கள் 'சாமி குத்தம்' என்று கயிறு கட்டுவார்கள். ஆஸ்பத்திரிக்குப் போனால் பெரும்பாலும் 'மூளை முடக்குவாதம்' என்று சீட்டில் எழுதிக் கொடுப்பார்கள். அதன் பிறகு அந்தப் பிள்ளைக்கு அட்டையும் உதவித்தொகையும் கிடைக்கலாம். ஆனால் 'ஏன் இப்படி?' என்ற கேள்வி அத்தோடு முடிந்துபோகும்.

அந்தக் கேள்வி முடியக் கூடாது. காலையில் சரியாகவும் மாலையில் மோசமாகவும் இருப்பது நடிப்போ சாமி குத்தமோ இல்லை. அது ஒரு நோயின் அடையாளமாக இருக்கலாம். அதுவும் சில ரூபாய் மாத்திரையில் பிள்ளையை எழுந்து நடக்க வைக்கக்கூடிய நோய்.

டோக்கியோவில் இரண்டு சிறுமிகள்

ஜப்பானில் மசாயா செகாவா என்ற குழந்தைகள் நரம்பியல் மருத்துவர் இருந்தார். 1971இல் அவரும் அவருடைய சகாக்களும் ஒன்றுவிட்ட சகோதரிகளான இரண்டு சிறுமிகளைப் பற்றி எழுதினார்கள். இருவருக்கும் தசைகள் தாமாகவே முறுக்கிக்கொண்டன. பொழுது ஏற ஏற அது மோசமானது. தூங்கி எழுந்தால் குறைந்தது. பார்க்கின்சன் நோயுள்ள முதியவர்களுக்குத் தரும் லீவோடோபா மருந்தை அந்தச் சிறுமிகளுக்குக் கொடுத்தபோது நோய் பெருமளவு அடங்கியது. 1976இல் செகாவா இதை ஒரு தனி நோயாக விரித்து எழுதினார். அவர் வைத்த பெயரிலேயே, ஒரே நாளுக்குள் ஏறி இறங்குவது என்ற அடையாளம் இருந்தது. இன்று மருத்துவர்கள் இதைச் செகாவா நோய் என்கிறார்கள். டோபாவுக்கு இணங்கும் டிஸ்டோனியா என்றும் சொல்கிறார்கள். தசை தன் விருப்பத்துக்கு முறுக்கிக்கொள்வதற்குத்தான் டிஸ்டோனியா என்று பெயர்.

காரணம் என்ன என்பதை 1994இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். நம் கைகால் அசைவை ஒழுங்குபடுத்த மூளைக்கு டோபமைன் என்ற பொருள் தேவை. அதைத் தயாரிக்க உதவும் ஒரு நொதிக்கான மரபணுவின் பெயர் ஜி.சி.எச்.1. அந்த மரபணுவில் பிழை இருந்தால் டோபமைன் உற்பத்தி குறைந்துவிடுகிறது.

நம் ஊர் மேல்நிலைத் தொட்டியை நினைத்துக்கொண்டால் இது எளிதாகப் புரியும். இரவெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் ஏறுகிறது. காலையில் குழாயைத் திறந்தால் வருகிறது. ஊர்த்தெருக்களுக்கெல்லாம் போனபின் கடைசியில் இருக்கும் காலனிக் குழாயில் மாலையில் காற்றுதான் வருகிறது. இந்தப் பிள்ளைகளின் மூளையிலும் அதுதான் நடக்கிறது. தூக்கத்தில் சேர்ந்த கையிருப்பு பகல் முழுக்கச் செலவாகி, சாயங்காலம் தீர்ந்துபோகிறது.

இதில் நல்ல செய்தி ஒன்று உண்டு. பார்க்கின்சன் நோயில் டோபமைனைத் தயாரிக்கும் செல்களே அழிகின்றன. இந்த நோயில் செல்கள் அழிவதில்லை. உற்பத்திதான் குறைவு. அதனால் பல ஆண்டுகள் கண்டுபிடிக்காமல் போன பிறகு மருந்து கொடுத்தாலும் பலருக்கு வேலை செய்கிறது. குறைந்த அளவு மருந்தே போதும். சில நாட்களிலோ வாரங்களிலோ மாற்றம் தெரிந்துவிடும். ஆனால் வாழ்நாள் முழுக்க விடாமல் சாப்பிட வேண்டும்.

சேப்பாக்கமும் பூனைக்காலியும்

இந்த மருந்தின் கதையில் நம் மண்ணுக்கும் ஒரு பங்கு உண்டு. வேலியோரம் படர்ந்து, காய்மேல் பட்டால் உடம்பெல்லாம் அரிக்கும் பூனைக்காலியை நாம் அறிவோம். 1937இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் சேப்பாக்கம் உயிர்வேதியியல் ஆய்வுக்கூடத்தில் தாமோதரன், ராமசாமி என்ற இருவர் பூனைக்காலி விதையிலிருந்து லீவோடோபாவைப் பிரித்தெடுத்து, அதை ஓர் ஆங்கில ஆய்விதழில் வெளியிட்டார்கள். அப்போது அது என்ன மருந்தாகும் என்று யாருக்கும் தெரியாது.

இருபது ஆண்டுகளுக்குப் பிறகு, 1957இல், ஸ்வீடனின் ஆர்விட் கார்ல்சன் ஒரு சோதனை செய்தார். ரிசர்பின் என்ற மருந்து கொடுத்ததால் அசையாமல் கிடந்த முயல்களுக்கு அவர் இந்த டோபாவைக் கொடுத்தார். முயல்கள் மீண்டும் அசைந்தன. மூளையில் டோபமைனின் வேலையைக் கண்டறிந்ததற்காக 2000ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றவர்களில் அவரும் ஒருவர். இன்று லீவோடோபாவும் கார்பிடோபாவும் சேர்ந்த மாத்திரை உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் இருக்கிறது. இந்தியாவின் பட்டியலிலும் இருக்கிறது. விலை உயர்ந்த மருந்தே இல்லை.

ஒரு எச்சரிக்கை. இதைப் படித்துவிட்டு யாரும் பூனைக்காலி விதையை இடித்துப் பிள்ளைக்குக் கொடுக்கக் கூடாது. ஒரு விதையில் எவ்வளவு மருந்து இருக்கும் என்று கையால் அளக்க முடியாது. அளவு தவறினால் வாந்தி, மனக்குழப்பம், கட்டுக்கடங்காத அசைவு எல்லாம் வரும். மருந்தின் அளவை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

ஓ.பி. முடியும் நேரம்

மருந்து மலிவு, அரசு ஆஸ்பத்திரி இலவசம். பிறகு ஏன் நம் பிள்ளைகள் தப்பிப்போகிறார்கள்?

நாம் ஆஸ்பத்திரிக்குப் போகும் நேரத்தைக் கவனித்தால் பதில் தெரியும். விடிகாலை முதல் பஸ்ஸைப் பிடித்து, ஏழரை மணிக்கு ஓ.பி. சீட்டு வாங்கி, வரிசையில் நிற்கிறோம். பத்து மணிக்கு டாக்டர் முன் பிள்ளை நிற்கிறது. அந்த நேரத்தில் அது நன்றாக நடக்கும். டாக்டர் நடக்கச் சொல்கிறார், நடக்கிறது. "காலையில நல்லாத்தான் சார் நடக்குது, சாயங்காலம் ஆனா விழுந்துடுது" என்று அம்மா சொல்கிறார். பின்னால் இன்னும் ஐம்பது பேர் நிற்கிறார்கள். "சத்து மாத்திரை எழுதித் தர்றேன்மா" என்று சீட்டு கைக்கு வருகிறது. மதியத்தோடு ஓ.பி. முடிந்துவிடுகிறது. அம்மாவுக்கு அன்றைய கூலி போய்விடுகிறது. நோய் மாலையில் வெளியே வரும்போது பிள்ளை வீட்டில் இருக்கிறது.

வசதி உள்ளவர்கள் மாலையில் தனியார் மருத்துவமனைக்குப் போவார்கள். அங்கே அந்த நேரத்தில் டாக்டரின் கண்ணுக்கு நோய் தெரியும். நமக்கு ஒதுக்கப்பட்டிருக்கும் நேரத்தில் இந்த நோய் கண்ணுக்கே தெரியாது. அப்போது டாக்டரிடம் இருக்கும் ஒரே சாட்சி அம்மாவின் வார்த்தைதான். வயல் வேலைக்குப் போகும், படிக்காத, காலனியிலிருந்து வரும் ஒரு பெண்ணின் வார்த்தைக்கு எவ்வளவு மதிப்புக் கொடுக்கிறார்கள் என்பது நமக்குத் தெரியும். இங்கே அந்த மதிப்புக் குறைவு ஒரு பிள்ளையின் காலையே எடுத்துவிடுகிறது.

ஆகவே மாலையை டாக்டரிடம் நாம்தான் கொண்டுபோக வேண்டும். இன்று அது முடியும். வீட்டில் ஒரு செல்போன் இருந்தால் போதும். காலை ஏழு மணிக்குப் பிள்ளை நடப்பதை அரை நிமிடம் வீடியோ எடுங்கள். மாலை ஆறு மணிக்கு அதே இடத்தில் நடப்பதை மறுபடி எடுங்கள். கால் முழுதும் தெரிய வேண்டும். மூன்று நாள் எடுத்தால் இன்னும் நல்லது. அந்த இரண்டு வீடியோவையும் அடுத்தடுத்துப் பார்க்கும் எந்த டாக்டரும் 'சத்துக்குறைவு' என்று சொல்ல மாட்டார்.

ஒரு செய்தித்தாள் செய்த வேலை

இந்த நோயைப் பற்றி ஒரு செய்தித்தாளில் எழுதுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் ஓர் இரட்டைக் குழந்தைகள் இருந்தார்கள், ஒரு பையனும் ஒரு பெண்ணும். இரண்டு வயதில் மூளை முடக்குவாதம் என்று சொல்லிவிட்டார்கள். பெண்ணின் நிலை மோசமாகிக்கொண்டே வந்தது. பகலில் நேரம் போகப்போக அவள் தளர்ந்துபோவதை அம்மா கவனித்தார். பத்து ஆண்டுகளுக்கும் மேல் பழைய ஒரு செய்தித்தாள் கட்டுரை அவர் கைக்குக் கிடைத்தது. மூளை முடக்குவாதம் என்று தவறாகச் சொல்லப்பட்டு, டோபா மருந்தால் குணம் கண்ட ஒரு சிறுமியைப் பற்றிய கட்டுரை அது. அம்மா அதை வைத்துக்கொண்டு ஒரு நிபுணரைத் தேடிப் போனார். மருந்து கொடுத்தார்கள். பெண் எழுந்து நடந்தாள்.

சில ஆண்டுகளில் அந்தப் பெண்ணுக்கு மூச்சுத் திணறல் வந்தது. டோபா மட்டும் போதவில்லை. அப்போது டெக்சாஸில் உள்ள பேய்லர் மருத்துவக் கல்லூரியில் இருவருடைய மரபணுத் தொகுதியையும் முழுதாகப் படித்தார்கள். பிழை எஸ்.பி.ஆர். என்ற வேறொரு மரபணுவில் இருந்தது தெரிந்தது. செரடோனின் என்ற இன்னொரு பொருளும் குறைகிறது என்று புரிந்து, அதற்கும் மருந்து சேர்த்தார்கள். 2011இல் இது ஆய்வுக் கட்டுரையாக வெளிவந்தது. மரபணுவைப் படித்து ஒரு நோயாளியின் சிகிச்சையையே மாற்றிய முன்னோடி நிகழ்வுகளில் இதுவும் ஒன்று.

அந்தக் குழந்தைகளின் அப்பா, மரபணுவைப் படிக்கும் கருவிகளைத் தயாரிக்கும் நிறுவனத்தில் உயர் பதவியில் இருந்தவர். நம் பிள்ளைகளுக்கு அப்படி ஒரு அப்பா கிடையாது. ஆனால் முதல் அடியை எடுத்து வைத்தது அந்தக் கருவி இல்லை. பிள்ளையை நேரம் பார்த்துக் கவனித்த ஒரு அம்மாவும் ஒரு பழைய செய்தித்தாளும்தான். அந்த இரண்டும் நம் வீட்டிலும் உண்டு.

எல்லாவற்றுக்கும் மாத்திரை இல்லை

தடுமாறும் பிள்ளைகள் எல்லோருக்கும் செகாவா நோய் என்று நினைத்துவிடக் கூடாது. அது மிக அரிது. பத்து லட்சம் பேரில் ஒருவருக்கு அல்லது அதற்கும் குறைவாகத்தான் வரும் என்று ஒரு மதிப்பீடு சொல்கிறது. மூளை முடக்குவாதம் என்று சொல்லப்படும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு உண்மையிலேயே அதுதான் இருக்கும். ஆனால் வைத்தியம் உள்ள வேறு சில அரிய நோய்களும் இதேபோல் தப்பிப்போகின்றன.

வில்சன் நோய் அதில் ஒன்று. 1912இல் கின்னியர் வில்சன் என்ற மருத்துவர் இதை விவரித்தார். உணவில் வரும் செம்பு உடம்பிலிருந்து வெளியேறாமல் ஈரலிலும் மூளையிலும் தேங்குகிறது. நன்றாகப் படித்துக்கொண்டிருந்த பிள்ளையின் கையெழுத்து திடீரென்று கெட்டுப்போகும். கை நடுங்கும், பேச்சு குழறும், எச்சில் வடியும். சிலருக்கு முதலில் காமாலை வரும். கண்ணின் கருவிழி ஓரத்தில் பழுப்பு வளையம் தெரியலாம். 1956 முதல் இதற்கு மருந்து இருக்கிறது. துத்தநாக மாத்திரையும் உதவுகிறது. சீக்கிரம் கண்டுபிடித்தால் பிள்ளை பிழைத்துக்கொள்ளும். விட்டுவிட்டால் உயிருக்கே ஆபத்து. வைட்டமின் ஈ உடம்பில் நிற்காமல் போவதால் வரும் தள்ளாட்டம் இன்னொன்று. அந்த வைட்டமினையே அதிக அளவில் கொடுத்து நோயை நிறுத்தலாம்.

முழுத் தீர்வு இல்லாத நோய்களும் உண்டு. ஃப்ரீட்ரைக் அட்டாக்ஸியா என்ற தள்ளாட்ட நோய்க்கு 2023இல்தான் அமெரிக்காவில் முதல் மருந்துக்கு அனுமதி கிடைத்தது. 16 வயதுக்கு மேற்பட்டோருக்கு மட்டும். அங்கே அதன் விலை ஆண்டுக்கு 3 லட்சம் டாலருக்கு மேல். அட்டாக்ஸியா டெலான்ஜியெக்டேசியா என்ற நோய்க்கு இன்னும் தீர்வு இல்லை. ஆனாலும் பெயர் தெரிவது வீண் இல்லை. அந்த நோயுள்ள பிள்ளைகளின் உடம்பு கதிர்வீச்சைத் தாங்காது. எக்ஸ்ரே, ஸ்கேன் எடுக்கும் முன் டாக்டர் யோசிக்க வேண்டும். பெயர் தெரிந்தால்தான் யோசிப்பார்.

'பரம்பரை' என்ற சொல்

இந்த நோய்கள் எல்லாம் மரபணு வழியாக வருபவை. 'பரம்பரை', 'பிறப்பால் வந்தது' என்ற சொற்களைக் கேட்டால் நமக்கு உடம்பு கூசுகிறது. பிறப்பால் வந்தது, மாற்ற முடியாது, முன்வினை என்று சொல்லித்தான் நம்மை ஊருக்கு வெளியே வைத்தார்கள். நடக்க முடியாத பிள்ளையைப் பார்த்தும் அதே முன்வினையைத்தான் சொல்கிறார்கள். அறிவியல் சொல்லும் பரம்பரை வேறு. அது ஒரு எழுத்துப்பிழை போன்றது; யாருடைய பாவமும் அதில் இல்லை. செகாவா நோய் காட்டுவது போல, பிறப்பால் வந்ததையும் ஒரு மாத்திரை மாற்றும்.

பழி எப்போதும் அம்மா மேல்தான் விழுகிறது. செகாவா நோய்க்கு அப்பா, அம்மா இருவரில் ஒருவரிடமிருந்து வரும் பிழையே போதும். உறவுக்குள் கல்யாணம் செய்ததற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. வில்சன் நோய் போன்றவற்றில் இருவரிடமும் அதே பிழை மறைந்திருக்க வேண்டும். அப்போதும் ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. பங்கு இருவருக்கும் சமம். மருமகளை மட்டும் பிறந்த வீட்டுக்கு அனுப்ப அறிவியலில் இடமில்லை.

ஒரே பிழை இருவரிடமும் ஏன் இருக்கிறது? ஐதராபாத் சி.சி.எம்.பி. நிறுவனத்தின் தங்கராஜும் வெளிநாட்டு ஆய்வாளர்களும் சேர்ந்து 2017இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். தெற்காசியாவின் 263 சமூகக் குழுக்களை அவர்கள் ஆராய்ந்தார்கள். அவற்றில் 81 குழுக்கள் சிறிய எண்ணிக்கையிலான மூதாதையரிடமிருந்து பெருகி, வெளியே மணம் முடிக்காமலேயே இருந்திருக்கின்றன. அதில் 14 குழுக்களின் மக்கள்தொகை பத்து லட்சத்துக்கும் மேல். இப்படிப்பட்ட குழுக்களில் அரிய மரபு நோய்கள் கூடுதலாக வெளிப்படும். இது எந்த ஒரு சாதிக்கும் மட்டும் உரியது இல்லை. சுவர் எழுப்பிய எல்லோருக்குள்ளும் இது இருக்கிறது. சாதியின் உயிர்நாடி அகமணம்தான் என்று அம்பேத்கர் 1916இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வாசித்த கட்டுரையில் சொன்னார். நூறு ஆண்டுகள் கழித்து அந்தச் சுவரின் தடம் மரபணுவிலேயே படிக்கக் கிடைத்திருக்கிறது.

நாம் என்ன செய்யலாம்?

ஒரு வயதுவாக்கில் நன்றாக நடந்த பிள்ளை, ஐந்து ஆறு வயதில் தடுமாறத் தொடங்கினால் காத்திருக்க வேண்டாம். பிரசவத்தில் சிக்கல் இல்லை, பிறந்ததும் அழுதது, மூளை ஸ்கேனிலும் குறை தெரியவில்லை, இருந்தும் மூளை முடக்குவாதம் என்று எழுதியிருந்தால் மறுபடி கேளுங்கள். பிள்ளையின் நடை நாளுக்குள்ளேயே மாறினாலும், குடும்பத்தில் இன்னொருவருக்கு இதே போல் இருந்தாலும் அதைக் கட்டாயம் சொல்லுங்கள். "டோபா மாத்திரை கொடுத்துப் பார்க்கலாமா டாக்டர்? செம்பு சோதனை தேவையா?" என்று கேட்பது தவறு இல்லை. காரணம் தெரியாத டிஸ்டோனியா உள்ள பிள்ளைக்குச் சிறிது காலம் டோபா கொடுத்துப் பார்ப்பது மருத்துவத்தில் ஏற்றுக்கொள்ளப்பட்ட வழிதான்.

எங்கே போவது? அங்கன்வாடிக்கும் அரசுப் பள்ளிக்கும் ஆர்.பி.எஸ்.கே. மருத்துவக் குழு வருகிறது. பிறந்த குழந்தை முதல் 18 வயது வரை உள்ளவர்களைப் பரிசோதிக்கும் இந்தத் திட்டம் 2013இல் தொடங்கியது. குழு வரும் நாளைத் தலைமை ஆசிரியரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் எழுதிக் கொடுத்தால் மாவட்டத்தில் உள்ள ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கும், அங்கிருந்து மருத்துவக் கல்லூரி நரம்பியல் பிரிவுக்கும் போகலாம். எதற்கும் ஒரு சீட்டு கையில் இருக்க வேண்டும்; வாய்வார்த்தையை நம்பித் திரும்பி வராதீர்கள். அட்டையும் வாங்கிக்கொள்ளுங்கள். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் நாள்பட்ட நரம்பியல் நோய்களையும் ஊனமாக ஏற்கிறது. 2021இல் வந்த தேசிய அரிய நோய்கள் கொள்கையின்படி, அதில் சேர்க்கப்பட்ட நோய்களுக்குச் சிறப்பு மையங்கள் வழியாக 50 லட்சம் ரூபாய் வரை உதவி கிடைக்கும். ஆனால் அட்டை வாங்கியதோடு காரணம் தேடுவதை நிறுத்திவிட வேண்டாம்.

கல்லூரியில் படிக்கும் தம்பி, தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் தெருவில் தடுமாறி நடக்கும் ஒரு பிள்ளை இருக்கலாம். இந்த வாரம் அந்த வீட்டுக்குப் போங்கள். காலையில் ஒரு வீடியோ, மாலையில் ஒரு வீடியோ எடுத்துக் கொடுங்கள். எத்தனை வயதில் தொடங்கியது, எந்த நேரத்தில் அதிகம், தூங்கி எழுந்தால் எப்படி என்று அந்த அம்மா சொல்வதை அவர் சொன்னபடியே ஒரு தாளில் எழுதுங்கள். ஓ.பி.க்குப் போகும் நாளில் கூடப் போய், டாக்டர் படிக்கும்வரை பக்கத்தில் நில்லுங்கள். ஐம்பது பிள்ளைகளில் ஒரு பிள்ளைக்குக் கூட இந்த நோய் இல்லாமல் போகலாம். ஆனால் அந்த ஐம்பது அம்மாக்கள் சொன்னதையும் ஒருவர் உட்கார்ந்து கேட்டிருப்பார்.